ஷாப்ட்ஸ்பரி பிரபு

யந்திரங்களை அமைத்து உலகத்தை மாற்றியவர்களின் சரித்திரங்களை நாம் இளம்பிராயமுதல் விருப்போடு வாசித்து வருகிறோம். நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், நூற்பு யந்திரத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆர்க்ரைட், புகைவண்டித் தொடரை ஓட்டிக் காட்டிய ஸ்டீபன்சன் ஆகியோர் பெயரை அறியாத மாணாக்கர் நம்முள் இலர். ஆனால், அந்த யந்திரங்கள் எளிய மக்களின் வீட்டிலும் உணவிலும் உறக்கத்திலும் விளைத்த மாறுதல்கள் யாவை, அவற்றால் நசுக்குண்டவர் யாவர், அவர்களுக்காகப் பரிந்து பேசினவர் யாவர் என்று எவரேனும் நம்மை வினவுவாராயின், நம்மிற் பலர் விடை கூறத் தயங்குவோம். யந்திரம் ஒன்றையும் கண்டுபிடியாதவராயினும், யந்திரங்கள் மலிந்த நாட்டிலே ஏழைகள் மனிதராக வாழ்வதற்கு வேண்டிய நேரத்தை மீட்டுக்கொடுக்கத் தம் ஆயுள் முழுவதும் உழைத்தவர் ஒருவர் உண்டு. அவரே ஏழாவது ஷாப்ட்ஸ்பரி பிரபு. அன்னாரது சரித்திரத்தை இங்கே சுருங்கக் கூற முற்படுகிறோம்.

அவருடைய பணியின் அருமையை அறிய வேண்டுமாயின், அவருக்கு முற்பட்ட காலத்து இங்கிலாந்தை முதலில் நோக்குதல் நன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகளாயிருந்தனர். குடியானவனுடைய குடிசையே அவனுடைய தொழிற்சாலை. மனைவியும் மக்களும் கம்பளியையும் பஞ்சையும் சிக்கெடுத்து நூற்க, கணவன் தறியில் அமர்ந்து நெய்வான். வீட்டின் பின்புறத்தில் சிறு தோட்டமும், வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு பசுவும் இருக்கும். அது குறைவற்ற வாழ்வு என்று எண்ணுதல் தவறு. வறுமை அன்றும் இருந்தது. குழந்தைகள் அன்றும் வேலை செய்தனர். ஆயினும், பசித்தபோது உண்ணவும், பிள்ளை நோயுற்றபோது இராட்டினத்தை நிறுத்தவும், இருட்டியபின் உறங்கவும் அவர்களுக்கு இடமிருந்தது. சூரியனே அவர்களுடைய கடிகாரம்.

1733-ஆம் ஆண்டில் ஜான் கே என்பவர் விசையால் ஓடும் நாடாவை அமைத்தார். அதனால் நெசவு விரைவுபடவே, நூல் போதாமற் போயிற்று. அக்குறையை நீக்க ஹார்கிரீவ்ஸ் என்பவர் ஒரே சமயத்தில் பல இழைகளை நூற்கும் யந்திரத்தைச் செய்தார். ஆர்க்ரைட் 1769-ஆம் ஆண்டில் நூற்பு யந்திரத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்று, 1771-ஆம் ஆண்டில் கிராம்போர்டு என்னும் ஊரில் நீரின் விசையால் இயங்கும் ஆலையைத் தொடங்கினார். 1779-ல் கிராம்ப்டனும், 1785-ல் விசைத்தறியை வகுத்த கார்ட்ரைட்டும் இத்தொழிலை மேலும் வளர்த்தனர். இவ்வாலைகள் ஆற்றோரங்களில் மட்டுமே நிற்கக்கூடியவையாயிருந்தன. ஜேம்ஸ் வாட் 1781-ஆம் ஆண்டில் தம் நீராவி யந்திரத்தைக் கொண்டு சக்கரத்தைச் சுழற்றும் உபாயத்தைக் கண்டபின், அக்கட்டும் அவிழ்ந்தது. நிலக்கரி கிடைக்கும் இடத்திலெல்லாம் ஆலை எழும்பலாயிற்று. ஆலை எழும்பிய இடத்தில் ஜனங்கள் வந்து குவிந்தனர். 1801-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 75,000 பேர் வாழ்ந்த மான்செஸ்டர் நகரில் 1851-ஆம் ஆண்டில் 3,00,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நகரவாசிகளின் தொகை கிராமவாசிகளின் தொகையை முதன்முறையாகக் கடந்தது.

இம்மாறுதலால் விளைந்த நன்மைகளை நாம் மறைத்தலாகாது. பருத்தித் துணியின் விலை குறைந்தது. அடிக்கடி துவைத்து உடுக்கத்தக்க ஆடை ஏழைக்கும் கிட்டிற்று. தெருக்களில் வாயு விளக்கு எரிந்தது. 1830-ஆம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியபின், உணவுப் பொருள்களும் கடிதங்களும் மனிதரும் முன்னறியாத வேகத்தில் ஊர்விட்டு ஊர் சென்றனர். ஆனால் இந்நன்மைகளுக்கு விலை கொடுத்தவர் யார்? யந்திரம் களைப்படைவதில்லை, ஆகையால் அதனருகே நிற்பவனும் களைப்படையலாகாது என்னும் கொடிய நியாயம் பிறந்தது. ஆலையின் மணி ஒலித்தவுடன் வாயிலுக்குள் இருக்க வேண்டும், பிந்தியவனுக்கு அபராதம். தெருவிற்கு ஒளி தந்த அதே வாயு விளக்கு ஆலைக்குள் இரவையும் பகலாக்கி, வேலை நேரத்தை நீட்டித்தது. அறுந்த இழைகளை முடிவதற்குச் சிறு விரல்கள் உகந்தவையாயிருந்தமையாலும், சிறுவருக்குக் கூலி குறைவாயிருந்தமையாலும், ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 12, 13 மணி நேரமும், சில இடங்களில் அதற்கு மேலும் நின்றவாறே உழைத்தனர். ஓடும் யந்திரத்தினடியில் நுழைந்து பஞ்சுத் துகளைப் பெருக்கியெடுப்பதும் அவர்கள் வேலையே. உறக்கத்தால் தலை சாய்ந்தபோது மேஸ்திரியின் வார் அவர்களை எழுப்பும். வார் எழுப்பாவிடில் பற்சக்கரம் கையைப் பறிக்கும்.

வேலை முடிந்து அவர்கள் திரும்பிய இல்லமோ, முன்போலத் தோட்டமுள்ள குடிசை அன்று. ஒரே அறையில் ஒரு குடும்பமும், சில இடங்களில் இரண்டு குடும்பங்களும் வசித்தன. பலர் ஈரம் கசியும் நிலவறைகளில் குடியிருந்தனர். சாக்கடைக்கும் குடிநீருக்கும் வேற்றுமையின்றிப் போன தெருக்கள் பல. 1842-ஆம் ஆண்டில் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையின்படி, மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பங்களில் மரித்தவர்களின் சராசரி வயது 17. ரட்லண்டு என்னும் நாட்டுப்புறப் பகுதியில் அதே வகுப்பினருக்கு 38. எண்ணிறந்த சிசுக்கள் நகரத்தில் இறந்தமையே இவ்வேற்றுமைக்கு முக்கிய காரணம். இத்தகைய காலத்தில், செல்வத்தின் மடியில் பிறந்த ஒருவர் இவ்வேழைகளின் பக்கம் வந்து நின்றது எவ்வாறு என்பதை இனி நோக்குவோம்.

ஆந்தனி ஆஷ்லி கூப்பர் 1801-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் 1811-ஆம் ஆண்டில் ஆறாவது ஷாப்ட்ஸ்பரி பிரபுவானார். அதுமுதல் மூத்த குமாரராகிய இவர் ஆஷ்லி பிரபு என்று அழைக்கப்பட்டார். மாளிகையும் ஏவலரும் இருந்தும், அக்குழந்தைக்கு அன்பு கிடைக்கவில்லை. பெற்றோர் கண்டிப்பு மிகுந்தவர். பிள்ளைகளை அருகே அணைத்து வளர்க்கும் இயல்பில்லாதவர். அவ்வீட்டுப் பணிவிடைக்காரியாகிய மரியா மில்லிஸ் என்னும் மாதே அவரை மடியில் இருத்தி, வேதக் கதைகளைச் சொல்லி, ஜெபிக்கக் கற்பித்தாள். அவர் சிறுவராயிருக்கையிலேயே அவ்வம்மையார் காலஞ்சென்றாள். சாகுமுன் தன் பொற்கடிகாரத்தை அச்சிறுவருக்கென்று விட்டுச்சென்றாள். பிற்காலத்தில் எத்தனையோ பெரியோரின் நட்பைப் பெற்றும், அவர் இறுதிவரை அணிந்தது அவ்வேலைக்காரியின் கடிகாரத்தையே. கல்வியறிவு அதிகமில்லாத ஒரு பெண்ணின் அன்பு, பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நிழலாயிற்று என்று நாம் துணிந்து கூறலாம்.

ஏழாம் வயதில் அவரைச் சேர்த்த பள்ளிக்கூடம் கொடுமையும் அழுக்கும் நிறைந்ததாயிருந்தது. பசியும் அடியும் இன்னவென்று அவர் அங்கே அறிந்தார். பின்னர் ஹாரோ பள்ளியில் பயின்ற காலத்தில், ஏறக்குறைய 14-ஆம் பிராயத்தில், ஓர் ஏழையின் பிரேதத்தைச் சிலர் தூக்கிவரக் கண்டார். சுமந்தவர்கள் குடிவெறியினால் தள்ளாடிப் பெட்டியைத் தரையில் தவறவிட்டு, இழிசொற்களைக் கூவினர். பின்னே அழுதுவருவதற்கு ஒருவரும் இல்லை. வறியவன் என்ற ஒரே காரணத்தால் மனிதனொருவன் மரணத்திலும் அவமதிக்கப்படுதல் தகுமோ என்று அவர் உள்ளம் கொதித்தது. ஏழைகளின் நன்மைக்கே தம் வாழ்வை ஒப்புவிப்பதென்று அன்றே உறுதிகொண்டார் என்பர். அவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் முதல் வகுப்பிற் தேறி, 1826-ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையின் அங்கத்தினரானார். சித்தப் பிரமை கொண்ட ஏழைகளைச் சங்கிலியாற் பிணித்து வைக்கோலில் கிடத்தியிருந்த விடுதிகளைச் சீர்திருத்துவதே அவருடைய முதற் பெரும் பணி. 1828-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பணியை அவர் 1885-ஆம் ஆண்டில் மரணமடையும் வரை விடவில்லை.

ஆலைப் பிள்ளைகளின் வழக்கு அவரிடம் வந்தது 1833-ஆம் ஆண்டில். அதற்கு முன் அவ்வழக்கை நடத்தியவர் மைக்கேல் சாட்லர் என்பவர். பிள்ளைகளையும் தொழிலாளரையும் விசாரித்து எழுதிய கமிட்டியின் அறிக்கை அவருடைய முயற்சியால் 1832-ஆம் ஆண்டில் உருவானது. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கப் போராடிய தொழிலாளர், ஜார்ஜ் புல் என்னும் குருவானவரை லண்டனுக்கு அனுப்பி, ஆஷ்லி பிரபு தலைமையேற்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். அவருக்கோ ஆலைத் தொழிலைப்பற்றி அதிகம் தெரியாது. ஏற்றுக்கொண்டால் தம் கட்சியில் உயர்பதவி பெறும் நம்பிக்கையை இழக்க வேண்டும். செல்வரின் பகையைச் சம்பாதிக்க வேண்டும். 1830-ஆம் ஆண்டில் தாம் மணந்த எமிலி அம்மையாரிடம் அவர் ஆலோசித்தார். அவ்வம்மையார் தயங்காமல் முன்செல்லும்படி அவரை ஊக்கினார். அன்றுமுதல் அவர் பின்வாங்கவில்லை.

அவர் கொண்டுவந்த பத்துமணி மசோதா அம்முறை நிறைவேறவில்லை. அதற்குப் பதிலாக அரசாங்கத்தாரே 1833-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். பட்டாலைகள் நீங்கலாக மற்ற நூல் நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கமர்த்தலாகாது. 13 வயதுக்குட்பட்டவர்கள் வாரத்தில் 48 மணிக்கு மேல் உழைக்கலாகாது. அவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் கல்வி புகட்ட வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர்க்கு இரவு வேலை கூடாது என்று அச்சட்டம் விதித்தது. இவற்றைக் கவனிக்க நான்கு இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டனர். நாடு முழுவதற்கும் நால்வர்! பிறப்பைப் பதிவு செய்யும் முறையும் 1837-ஆம் ஆண்டிலேதான் ஆரம்பமாயிற்று. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையைப் பத்து வயதென்று சொல்லி ஆலையிற் சேர்ப்பது எளிதாயிருந்தது. வறுமையால் பெற்றோரே அப்பொய்யைச் சொன்னார்கள் என்பது துக்கமான செய்தி.

ஆலைகளைப்பற்றிப் பேசியவர் அவற்றின் வேரைப்பற்றியும் ஆராய வேண்டியதாயிற்று. யந்திரத்திற்கும், நகரத்தின் அடுப்பிற்கும், தெருவிளக்கிற்கும் உணவு நிலக்கரியே. அதனைத் தோண்டியெடுக்கும் சுரங்கங்களில் நடப்பதை மேலே வாழ்ந்தவர் அறியார். ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் 1840-ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட கமிஷனார் 1842-ஆம் ஆண்டில் தம் அறிக்கையைப் படங்களோடு வெளியிட்டபோது, நாடே திடுக்கிட்டது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சுரங்கத்தின் காற்றுக் கதவருகே இருளில் தனியே அமர்ந்து, கரிவண்டி வரும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடினர். பெண்களும் சிறுமியரும் இடுப்பிற் கச்சும் சங்கிலியும் பூட்டிக்கொண்டு, தாழ்ந்த வழிகளில் நாலு காலால் தவழ்ந்து வண்டியிழுத்தனர். 1842-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் தேதி அவர் சபையில் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது, கேட்டவர் கண் கலங்கினர். அதுவரை அவரை எதிர்த்துவந்த காப்டன் என்பவரும் எழுந்துவந்து அவர் கையைப் பற்றினார். சுரங்கங்களுக்கு உரிமையாளரான பிரபுக்கள் சிலர் எதிர்த்து, மசோதாவின் வலிமையைக் குறைத்தனர். எனினும் பெண்களும், 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்தினுள் வேலை செய்வது அவ்வாண்டிலேயே விலக்கப்பட்டது.

பத்துமணிச் சட்டத்தை நாடிய போராட்டமோ மேலும் நீண்டது. வேலை நேரத்தைக் குறைத்தால் லாபம் அற்றுப்போம், அந்நிய நாட்டார் நம்மை வென்றுவிடுவர், கூலி குறைந்து தொழிலாளரே பட்டினி கிடப்பர் என்று எதிரிகள் வாதித்தனர். இவர்களுட் சிலர் மற்ற விஷயங்களில் தயாள குணமுள்ளவர்களே. 1844-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் பிறந்தது. அது ஆபத்தான யந்திரங்களைச் சுற்றி வேலியிடும்படி கட்டளையிட்டது. பிள்ளைகளுக்கு அரைநாள் வேலையும் அரைநாள் பள்ளியும் என்று ஏற்பாடு செய்தது. பத்துமணி மட்டும் கைகூடவில்லை. அது கைகூடும் தருணத்தில் அவருக்கு ஒரு பெருஞ்சோதனை நேரிட்டது. அந்நிய தானியத்தின்மேல் விதித்திருந்த வரியைக் காப்பார் என்று நம்பியே நிலச்சுவான்தார்கள் அவரைச் சபைக்கு அனுப்பியிருந்தனர். அவ்வரி ஏழைகளின் அப்பத்தை அருமைப்படுத்துகிறதென்று 1846-ஆம் ஆண்டில் அவர் தெளிந்தார். தம்மைத் தேர்ந்தவர்களின் கருத்துக்கு மாறாக வாக்களிப்பது நேர்மையன்று என்று கருதி, ஸ்தானத்தைத் துறந்தார். பத்துமணி மசோதாவைச் சபைமுன் வைத்தபின் வெளியேற நேர்ந்ததே அவருக்கு ஆறாத வருத்தம். ஜான் பீல்டன் என்பவர், தாமே ஆலைச் சொந்தக்காரராயிருந்தும், அம்மசோதாவை ஏற்று நடத்தி, 1847-ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். பதினான்கு வருஷம் பயிரிட்டவர் அறுவடை நாளில் வயலுக்கு வெளியே நின்றார். ஆயினும் அவர் பொறாமை கொள்ளாமல் கடவுளைத் துதித்தார்.

சட்டம் இளைஞரையும் பெண்களையும் குறித்ததே. ஆனால் அவர்களின்றி யந்திரம் ஓடாதாகையால், ஆண்களின் வேலை நேரமும் குறையும் என்று யாவரும் எதிர்பார்த்தனர். முதலாளிகள் சிலர், வேலையாட்களை முறைமாற்றி நிறுத்தி அச்சட்டத்தை ஏய்த்தனர். அதனைத் தடுப்பதற்காக 1850-ஆம் ஆண்டில் ஒரு சமாதான ஏற்பாடு வந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் உணவுவேளை நீங்கலாகப் பத்தரை மணி நேரம் வேலை; சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலையை மூடிவிட வேண்டும் என்பதே அது. ஆஷ்லி பிரபு இதற்கு இணங்கினார். அரைமணி நேரத்தை விட்டுக்கொடுத்தார் என்று தொழிலாளரில் ஒரு பகுதியார் அவரைத் துரோகியென்று தூற்றினர். முதலாளிகளின் நிந்தையைப் பதினேழு வருஷம் தாங்கியவருக்கு, தாம் யாருக்காக உழைத்தாரோ அவர்களுடைய நிந்தை அதனினும் கசப்பாயிருந்தது. ஆனால் காலம் அவர் பக்கம் சான்று பகர்ந்தது. ஆறு மணிக்கு ஆலை மூடப்பட்டமையால் மாலைப் பள்ளிகளும் வாசகசாலைகளும் நிறைந்தன. தாய்மார் விளக்கேற்றும் வேளையில் வீட்டிலிருந்தனர். சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு கிடைத்தமையாலேயே, நம் மாணவர் இன்று பெரிதும் விரும்பும் காற்பந்தாட்டம் அந்நாட்டுத் தொழில் நகரங்களில் வேரூன்றியது. எதிரிகள் அஞ்சியபடி ஆலைத்தொழில் அழியவுமில்லை, முன்னிலும் பெருகிற்று.

ஆலைக்கு வெளியே நகரத்து வீடும் தெருவும் அவருடைய கவனத்தைக் கவர்ந்தன. கந்தையுடுத்தமையால் வேறெந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்த கந்தைப் பள்ளிகளின் சங்கம் 1844-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் தலைவராக அவர் நாற்பது வருஷமளவும் விளங்கினார். 1848-ஆம் ஆண்டில் அமைந்த பொதுச் சுகாதார போர்டில் சாட்விக்குடன் அவரும் ஓர் அங்கத்தினர். மறு ஆண்டில் விஷபேதி லண்டனில் ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொள்ளைகொண்டபோது, வசதியுள்ளோர் நகரைவிட்டு ஓட, அவர் அங்கேயே தங்கி வேலை செய்தார். ஏழைகள் இராத்தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து மேற்பார்க்கும் மசோதாவை 1851-ஆம் ஆண்டில் கொண்டுவந்தார். அச்சமயத்தில் தந்தையார் இறக்கவே, ஏழாவது ஷாப்ட்ஸ்பரி பிரபுவாகிப் பிரபுக்கள் சபைக்குச் சென்று, காமன்ஸ் சபையிற் தாம் தொடங்கிய மசோதாவை அங்கே தாமே நிறைவேற்றினார்.

நூதன சாதனம் ஒன்று பிறந்தவுடனே மனிதருடைய துன்பம் தானே நீங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு, புகைபோக்கி துடைத்த சிறுவரின் கதை தக்க படிப்பினையாகும். நகரங்கள் பெருகப் பெருகப் புகைபோக்கிகளும் பெருகின. கரியைத் துடைப்பதற்கு ஆறேழு வயதுச் சிறுவரை அக்குறுகிய குழாய்களுக்குள் ஏற்றினர். சிலர் உள்ளே சிக்கி மூச்சடைத்து இறந்தனர். சிலர் கரித்தூளால் வந்த புற்றுநோய்க்கு இரையாயினர். இவ்வேலையைச் செய்யத்தக்க நீண்ட துடைப்பக் கருவி 1803-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டிருந்தது! ஆனால் அதைப் பயன்படுத்த மாளிகைக்காரர் மனம் கொள்ளவில்லை. கோணலான குழாய்களைச் செப்பனிடும் செலவைவிடச் சிறுவனின் உடல் மலிவாயிருந்தது. 1840-ஆம் ஆண்டிலும் 1864-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தும், அவற்றை மீறியவரைத் தண்டிப்பாரில்லை. 1875-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பகுதியில் ஒரு சிறுவன் புகைபோக்கியில் ஏறி இறந்தபின், ஷாப்ட்ஸ்பரி பிரபு மீண்டும் வழக்கெடுத்து, புகைபோக்கி துடைப்போர் போலீசாரிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்றினார். அதன்பிறகே அக்கொடுமை ஒழிந்தது. கருவி வந்து எழுபத்திரண்டு வருஷம் சென்றபின்னரே அதன் பயன் சிறுவனைச் சேர்ந்தது. யந்திரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதனை ஏழைக்கு உதவும்படி செய்விப்பது வேறொரு வேலை. பின்னதற்கு அறிவு மட்டும் போதாது, இரக்கமும் விடாமுயற்சியும் வேண்டும்.

அவரிடம் குறைகளே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பாமர மக்களுக்கு வாக்குரிமையை விரிப்பதை அவர் அஞ்சினார். தொழிற்சங்கங்களை அவர் நம்பவில்லை. ஏழைகளைக் காப்பதற்கு மேலோர் கடமைப்பட்டவர் என்று நம்பியவர், ஏழைகள் தாங்களே தங்களைக் காத்துக்கொள்வர் என்பதை முழுதும் உணர்ந்தாரில்லை. தந்தையாருடைய கிராமத்துக் குடியானவர்கள் இடிந்த குடிசைகளில் வாடுகையில் இவர் ஆலைகளைக் குறைகூறலாமோ என்று எதிரிகள் ஏளனம் செய்தனர். அந்நிந்தையில் நியாயம் உண்டென்று உணர்ந்து, அவர் பொதுமேடையிலேயே நிலச்சுவான்தார்களைக் கண்டித்துத் தந்தையாரின் கோபத்திற்கு ஆளானார். நிலம் தம் கைக்கு வந்தபின், கடன் சுமையிடையேயும் குடியானவர்களுக்குப் புதிய வீடுகளைக் கட்டுவித்தார்.

அவருடைய இரக்கம் தம் தேசத்தோடு நின்றுவிடவில்லை. பம்பாயில் 1850-ஆம் ஆண்டுகளில் பருத்தியாலைகள் தோன்றியபின், இங்கிலாந்திற் கண்ட அதே காட்சி அங்கும் தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டில் ஷாப்ட்ஸ்பரி பிரபு, இந்திய ஆலைகளில் சிறுவரும் பெண்களும் படும் பாட்டைப் பிரபுக்கள் சபையில் எடுத்துரைத்தார். பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இந்தியாவுக்குச் சட்டம் வேண்டுமென்று கூவியதுண்டு; அவர்கள் நோக்கம் வேறு. ஆனால் நாற்பது வருஷத்திற்கு மேல் அதே முதலாளிகளோடு போராடியவர்மீது அந்தச் சந்தேகத்தைச் சுமத்த இயலாது. பம்பாய்வாசியாகிய சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி முதலியோரும் இங்கே முயன்றனர். 1881-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் ஆலைச்சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்டோரை அது விலக்கியது; 12 வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமும், மாதத்தில் நான்கு நாள் ஓய்வும் விதித்தது. அது மிகச் சிறிய தொடக்கமே; ஆயினும் தொடக்கம்.

எமிலி அம்மையார் 1872-ஆம் ஆண்டில் காலஞ்சென்றார். முதுமையிலும் தனிமையிலும் பிரபு தம் பணியைக் குறைக்கவில்லை. தெருவில் தள்ளுவண்டியில் காய்கனி விற்போர் அவருக்கு அன்போடு ஒரு கழுதையைப் பரிசளிக்க, அதனைப் பெரும் பேறாக ஏற்றுக்கொண்டார். 1885-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி போக்ஸ்டன் என்னும் கடற்கரையூரில் அவருடைய ஆவி பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஆராதனை நடந்த நாளில், கந்தைப் பள்ளிப் பிள்ளைகளும், பூவிற்கும் பெண்களும், ஆலைத் தொழிலாளரும் வீதிநெடுக நின்று கண்ணீர் சொரிந்தனர். துணையின்றிச் சென்ற ஓர் ஏழையின் பிரேதத்தைக் கண்டு மனமிரங்கிய சிறுவருக்கு ஏழைகள் செய்த கைம்மாறு இது. அவருடைய விருப்பப்படி உடல் சொந்தக் கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. லண்டன் பிக்காடில்லி சந்தியில் 1893-ஆம் ஆண்டில் அவர் நினைவாக ஒரு நீரூற்றை நிறுவி, அந்நாளில் புதுமையாயிருந்த அலுமினியத்தால் சிறகுடைய உருவமொன்றை அதன் உச்சியில் அமைத்தனர். அதன் கீழ் நிற்போரிற் பலர் அது யாருடைய ஞாபகச்சின்னம் என்பதை அறியார்.

நமது நாட்டின் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான தொழிலிலும் அமர்த்தலாகாதென விதித்திருக்கிறது. எனினும் 2024-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தார் கணித்திருக்கின்றனர். வாயு விளக்கு அன்று இரவை ஆலைக்கு ஈந்தது போல, நம் கையிலுள்ள சிறு யந்திரங்கள் இன்று வீட்டின் மாலைவேளையையும் வேலைக்கு ஈந்துவருகின்றன. நம் கலாசாலையினின்று வெளியேறும் மாணவ மாணவியரில் சிலர் புதிய சாதனங்களை அமைப்பர். சிலர் பலரை வேலைகொள்ளும் முதலாளிகளாவர். சிலர் சட்டம் இயற்றும் சபைகளில் அமர்வர். எத்துறையில் நின்றாலும், இப்புதுமையால் யாருடைய ஓய்வு குறைகிறது, எந்தப் பிள்ளையின் பள்ளி நேரம் பறிபோகிறது என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டாகுமாயின், ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் சரித்திரத்தை நாம் வாசித்தது வீண்போகாது.